சால்வைக்குக் குனியாதவள்

கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி வேளச்சேரி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் வருகிற பச்சையம்மன் நகரில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே கேள்வி கேட்டால் பதில் வராது, சால்வை வரும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்த ஓர் ஆட்டோக்காரருக்குப் பொங்கல் விழா மேடையில் சால்வை போட்டார்கள். விளக்கு இன்றைக்கும் எரியவில்லை, ஆனால் ஆட்டோக்காரர் கத்துவதை நிறுத்திவிட்டார். பின்னே எப்படிக் கத்துவார்? கழுத்தைக் குனிந்து வாங்கியாயிற்று. போட்டோ வாட்ஸ்அப் குழுவில் வந்து, சம்பந்தி வீட்டிலிருந்துகூட வாழ்த்திவிட்டார்கள். இனிமேலும் விளக்கு விளக்கு என்றால், 'மரியாதை செஞ்ச மனுஷனையே குத்தம் சொல்றான் பாரு' என்று நாலு பேர் பேசுவார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழைய கணக்கு. பச்சையம்மன் நகரில் சால்வை போட்டவரையும் நினைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் கவுன்சிலர் குமரவேல். அவருடையது இந்த மண்ணின் பழைய குடும்பம். ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர்கள், நெல்லைவிட மனை நன்றாக விளைகிறது என்று தெரிந்ததும் மனை போட்டார்கள். இப்போது கல்யாண மண்டபமும் கம்பி, சிமென்ட் கடையும் இருக்கின்றன. ஆள் குள்ளம், குரல்தான் உயரம். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். அவருடைய வலது கை சிட்டிபாபு. அந்தச் சிட்டிபாபுவின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ரெயின்கோட் இருக்குமோ இருக்காதோ, மடிப்புக் கலையாத நாலு சால்வை எப்போதும் இருக்கும்.

இந்த வழக்கத்தை உடைத்துப் போட்டவள் நிஷா. ஏரிக்கரை மூலையில் மீன் விற்கும் முத்தாலம்மாளின் மகள்.

முத்தாலம்மாள் கானாத்தூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் துரை இன்றும் படகு வலை என்று அங்கேயேதான் இருக்கிறார். மீனை இந்தப் பக்கம் விற்க வந்தவள், கூடையோடு தினமும் பஸ் மாறி மாறிப் போய்வர முடியாமல் இங்கேயே ஒரு வாடகை வீட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏரிக்கரை மூலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே அவளோடு தனமும் இன்னும் சில பெண்களும் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். அப்போது எதிரே வெறும் பொட்டல்தான். அடுக்குமாடி வந்தது பிற்பாடு. மீன் வாடைக்குப் பிடித்துக்கொள்ள மூக்குகள் வந்தது அதற்கும் பிற்பாடு.

அந்த மூக்குகளோடு நிஷாவுக்குச் சின்ன வயதிலேயே சண்டை தொடங்கிவிட்டது. ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். நிஷா மறுநாள் ஒரு கருவாட்டுத் துண்டை அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடிவிட்டாள். டீச்சர் வெளியே நிற்கவைத்தார். மத்தியானம் மணி அடித்ததும், நின்ற இடத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, மீன்குழம்புச் சாதத்தை விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து டீச்சருக்கே நாக்கில் எச்சில் ஊறியது என்று கூடப் படித்த ஈவ்லின் சொல்வாள். வகுப்பிலிருந்து எழுந்து வந்து அந்த டிபன் பாக்ஸில் கைவைத்த ஒரே பெண் ஈவ்லின்தான். அன்று ஒட்டிக்கொண்ட சிநேகிதம் இன்னும் விடவில்லை.

இவ்வளவு துணிச்சல்காரிக்கு ஒரே ஒரு வெட்கம் இருந்தது, அவளுடைய உயரம். ஒன்பதாம் வகுப்பு லீவில் மடமடவென்று வளர்ந்துவிட்டாள். பையன்கள் 'லைட் ஹவுஸ்' என்று பெயர் வைத்தார்கள். வாடைக்குத் தலை குனியாதவள் இதற்குக் குனிந்தாள். தோளைக் குறுக்கிக் கழுத்தை முன்னால் நீட்டி நடக்கப் பழகிக்கொண்டாள். முத்தாலம்மாளுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

"இன்னாடி கூன் போட்டுகினு நடக்குற? ஆண்டவன் குட்த்த ஒசரம். எவன் வூட்டு சொத்த எட்த்துகினு வந்துட்ட? ஒயுங்கா நிமிந்து நட!"

பலகையில் குனிந்து நாள் முழுக்க மீன் வெட்டுகிறவள் சொன்ன சொல் அது. மகள் காதில் அப்போது ஏறவில்லை.

பி.காம். முடித்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலைக்கு நிஷா சேர்ந்த சமயத்தில்தான், குமரவேல் தன் கல்யாண மண்டபத்தில் வார்டு இளையோர் மன்றத்தைத் தொடங்கினார். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகள் உள்ளூர் விஷயங்களைப் பேச வேண்டும், நாளைய தலைவர்கள் இன்றைக்கே உருவாக வேண்டும் என்று மைக்கில் முழங்கினார். ஈவ்லின் போய்ச் சேர்ந்தாள். போகும்போது நிஷாவையும் இழுத்துக்கொண்டு போனாள். காட்டாங்குளத்தூரில் படிக்கும் பையன்கள், அடுக்குமாடிப் பிள்ளைகள், பழைய ஊர்க்காரர்களின் பிள்ளைகள் என்று கலந்துகட்டிய கூட்டம். நிஷா நன்றாகப் பேசுகிறாள் என்று அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். 'மீனவ சமுதாயத்துத் தங்கை' என்று மேடையில் சொல்லிக்கொள்ளவும் குமரவேலுக்கு வசதியாக இருந்தது.

நாளைய தலைவர்களுக்குக் கிடைத்த வேலை நாற்காலி போடுவது, நீர்மோர்ப் பந்தலில் டம்ளர் கழுவுவது, வருகிற பிரமுகருக்குப் பின்னால் வரிசையாக நின்று சிரிப்பது. ஆனாலும் நிஷாவுக்கு மன்றத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகுதி சபை கூடும். வார்டு மக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், கை தூக்கித் தீர்மானம் போடலாம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அம்மா இத்தனை வருஷம் அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த சபையில் இளையோர் மன்றத்தின் சார்பில் எழுந்து நின்றாள்.

"ஏரிக்கரை மூலையில மீன் விக்கிறவங்களுக்குத் தண்ணி கிடையாது. மழைத் தண்ணி நிக்குது, ஈ மொய்க்குது, வாடை அடிக்குது. விக்கிறவங்களுக்கும் கஷ்டம், வாங்குறவங்களுக்கும் கஷ்டம். ஒரு தண்ணிக் குழாய் போடுங்க. கழிவுத் தண்ணி போக ஒரு வடிகால் கட்டுங்க."

கைதட்டல் கூரையைத் தொட்டது. குமரவேல் எழுந்தார். சிட்டிபாபு எங்கிருந்தோ ஒரு பச்சைச் சால்வையை நீட்டினார். நிஷா குனிந்தாள். குனிவதற்குத்தான் அவளுடைய கழுத்து ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பழகியிருந்ததே. மீனை அவசர அவசரமாக விற்றுவிட்டுக் கடைசி வரிசையில் வந்து நின்ற முத்தாலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அந்தச் சால்வையைப் பாலித்தீன் உறையோடு பீரோவில் தன் கல்யாணப் புடவைக்கு மேல் வைத்தாள்.

குழாய் வரவில்லை. ஒரு மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. ஒருநாள் நிஷா சிட்டிபாபுவை வழிமறித்துக் கேட்டாள்.

"சிட்டிண்ணா, குழாய் என்னாச்சு?"

சிட்டிபாபு நிஜமாகவே குழம்பிப்போனார். "இன்னாம்மா இது, அதான் சால்வை போட்டாச்சே?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உலகமே அப்படித்தான்.

பிறகு ஒருநாள் காலையில் ஏரிக்கரை மூலையில் ஒரு பெரிய பேனர் முளைத்தது. 'இளையோர் மன்றத்தின் கோரிக்கையை ஏற்று, துர்நாற்றம் வீசும் மீன் கடைகள் அகற்றப்பட்டு, இவ்விடத்தில் எழில்மிகு பூங்காவும் செல்ஃபி மேடையும் அமையவிருக்கின்றன. வார்டு மக்களின் சார்பில் நன்றி! நன்றி! நன்றி!' ஒரு பக்கம் குமரவேல் கைகூப்பிச் சிரித்தார். இன்னொரு பக்கம், பச்சைச் சால்வையோடு தலையைக் குனிந்து நின்றாள் நிஷா.

அவள் வேலைக்குக் கிளம்பி அந்த வழியாக வந்தபோது தனம் பலகையைப் போடாமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாடி நிஷா, நல்லா கீறியா? எங்கள எல்லாம் தூக்க சொல்லிட்டியாமே? படம் போட்டு சொல்றானுங்க!"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல தனம்க்கா!"

"அப்ப அது இன்னா, உன் தங்கச்சியா?"

நிஷா அம்மாவைப் பார்த்தாள். முத்தாலம்மாள் தன் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பேனருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கத்தியைத் தீட்டினாள். நாலு அடி அடித்திருந்தால்கூட நிஷாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விஷயம் வெளியே வர நேரமாகவில்லை. எதிர் அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர், வங்கியில் ஓய்வு பெற்றவர், வீட்டு வாசலில் பூங்கா வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மீன்காரப் பெண்களை விரட்டினான் என்ற கெட்ட பெயர் குமரவேலுக்கு வேண்டாம். ஆகவே இளைஞர்கள் கேட்டார்கள் என்று ஆகிவிட்டது. மாற்று இடமாகச் சுடுகாட்டு ரோட்டில் ஒரு பொட்டல். அந்த வழியாகப் போகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு போவார்கள். மீதிப் பேர் போகும்போது தோளில் போவார்கள். அங்கே உட்கார்ந்து யாருக்கு மீன் விற்பது? இந்த மூலை போனால் முத்தாலம்மாளுக்குப் பிழைப்பு போயிற்று. அதையும் போகச் செய்தது பெற்ற மகளின் முகம் என்று ஆகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பகுதி சபையில் கை தூக்கித் தீர்மானம் போட்டுவிட்டால் முடிந்தது.

நிஷா நேரே சிமென்ட் கடைக்குப் போனாள். குமரவேல் அவளை உட்காரவைத்து, லெமன் சோடா வாங்கிவரச் சொன்னார்.

"அண்ணா, நான் குழாய்தான் கேட்டேன். கடையத் தூக்கச் சொல்லல."

"தெரியும் பாப்பா. நீ ஒரு பாதி சொன்னே, நான் மீதியச் சொன்னேன். அரசியல்ல அப்படித்தான்." அவர் குரலில் கோபமே இல்லை. "நீ உங்கம்மாவ மட்டும் பாக்குறே, நான் உன்னப் பாக்குறேன். அடுத்த தடவ இந்த வார்டப் பொம்பளைங்களுக்கு ஒதுக்கினா யார நிறுத்துவேன்னு நெனைக்கிறே? படிச்ச பொண்ணு, பேசுற பொண்ணு. யோசிச்சுப் பாரு."

நிஷா சோடாவைத் தொடவில்லை.

"ஞாயித்துக்கெழம மேடையில நீ ஒண்ணும் பேச வேணாம். பேரச் சொல்லிக் கூப்புடுவோம். வந்து தலையக் குனிஞ்சாப் போதும். மத்தத நான் பாத்துக்குறேன்."

தலையைக் குனிந்தால் போதும். அந்த வார்த்தை அவளுக்குள்ளே எங்கேயோ போய்த் தைத்தது. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டாள். பேசாமல் போனதால் ஒப்புக்கொண்டாள் என்று குமரவேல் எடுத்துக்கொண்டார். அவருக்கும் பாவம், பழக்கம் அப்படி.

வீட்டில் முத்தாலம்மாள் மகளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தனம் அந்த பேனர கியிச்சி போடணும்னு குதிச்சிகினு கீறா. நான்தான் வோணாம்னு சொன்னேன்."

"ஏம்மா?"

"அதுல கீறது உன் மூஞ்சி. நான் எப்படி கியிப்பேன்? நீ ஏத்துன மூஞ்சிய நீயே எறக்கு."

நிஷா தட்டைத் தள்ளிவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். பச்சைச் சால்வையை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். முத்தாலம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சபையை ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வைத்ததில் ஒரு சூது இருந்தது. மீன் விற்கிறவளுக்கு உயிர் போகிற நேரம் அது. அந்த நேரத்தில் பலகையை விட்டு எழுந்து வர எவளுக்கு மனசு வரும்? நிஷாவும் ஈவ்லினும் சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு பலகையாகப் போய்க் கேட்டார்கள்.

"ஞாத்திக்கெயம கடைய மூடுறதா? இன்னா பேசுற நீ? மீன் அதுவா நடந்து வூட்டுக்குப் பூடுமா?" என்று தனம் பாய்ந்தாள்.

"ஒரு ஞாயித்துக்கெழம மூடுங்க தனம்க்கா. இல்லன்னா எல்லா ஞாயித்துக்கெழமையும் மூடணும்."

தனம் வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வம். முத்தாலம்மாள்தான் முடிவைச் சொன்னாள்.

"மூடுறோம். ஆனா மீன வுட்டுட்டு வரமாட்டோம். கூடையோட வரோம்."

அப்படியேதான் வந்தார்கள். சமுதாயக் கூடத்தில் முதல் வரிசை நாற்காலிகளில் வெள்ளை உறை போட்டிருந்தது. மீன்காரப் பெண்கள் நேரே நடந்து போய் அதில் உட்கார்ந்து, ஐஸ் சொட்டும் கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டார்கள். வஞ்சிரமும் சங்கராவும் மத்தியும் சேர்ந்த வாடை கூடம் முழுக்கப் பரவியது. சிட்டிபாபு ஓடிவந்து, "எம்மா, இது வி.ஐ.பி. சீட்டு" என்றார்.

"அதான் வந்து குந்திகினு கீறோம்" என்றாள் தனம்.

குமரவேல் முகத்தைச் சுளிக்காமல் வணக்கம் சொன்னார். அதில் அவர் கெட்டிக்காரர். ஷ்யாம்சுந்தர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். கூட்டம் தொடங்கி, வரவேற்புரை ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் சலசலப்பு. பையும் கையுமாக ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க மூலைக்கு வந்தவர்கள், பலகைகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். மீன் இல்லாத ஞாயிறு இவர்களுக்கு ஒரு ஞாயிறா? அதில் முன்னால் நின்றவர் ஷ்யாம்சுந்தரின் மனைவி சந்திரிகா.

"முத்தாலம்மா, இங்கேயா இருக்கே! சங்கரா வந்திருக்கா? பேரன் வந்திருக்கான்" என்று அவர் சத்தமாகவே கேட்டுவிட்டார்.

கூடம் சிரித்தது. ஷ்யாம்சுந்தரின் கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது.

"கூட்டம் முடியட்டும், தரேன். உள்ள வந்து குந்துமா" என்றாள் முத்தாலம்மாள். சந்திரிகா உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே பையோடு வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எந்தப் பகுதி சபைக்கும் அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை.

குமரவேல் மைக்கைப் பிடித்தார். "இளைஞர்கள் கேட்டாங்க. நான் செய்யுறேன். ஏரிக்கரை மூலைக்குப் பூங்கா கேட்ட நம்ம மன்றச் செயலாளர், மீனவ சமுதாயத்துத் தங்கை நிஷாவுக்குப் பொன்னாடை அணிவித்து கௌரவிக்கிறோம்!"

சிட்டிபாபு புதிய சால்வையை உதறி நீட்டினார். இந்தத் தடவை சிவப்பு. நிஷா மேடை ஏறினாள். குமரவேல் இரண்டு கையிலும் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடினார்.

நிஷா குனியவில்லை.

குமரவேலின் தலை அவளுடைய தோளுக்குத்தான் வந்தது. கையை உயர்த்தினார், சால்வை அவள் தலையைத் தாண்டவில்லை. குதிகாலைத் தூக்கினார், அப்போதும் எட்டவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, கண்கள் மட்டும் 'என்ன இது' என்றன. சிட்டிபாபு காதருகில் வந்து, "குனிம்மா" என்று கெஞ்சினார்.

"குனியல" என்றாள் நிஷா.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து சுருட்டி வைத்திருந்த உயரத்தை எல்லாம் அன்று அவள் விரித்தாள். தோள் பின்னால் போயிற்று, கழுத்து நிமிர்ந்தது. முதல் வரிசையில் முத்தாலம்மாள் அவளை அண்ணாந்து பார்த்தாள். எந்தச் சாமியையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

நிஷா கைப்பையிலிருந்து பச்சைச் சால்வையை எடுத்தாள். உதறினாள். இரண்டு கையிலும் விரித்தாள். அப்போது ஒன்று நடந்தது. இத்தனை வருஷ மேடை வாழ்க்கையில் ஆயிரம் சால்வை வாங்கிய கழுத்து குமரவேலுடையது. எதிரே ஒரு சால்வை விரிந்ததுமே, அவர் யோசிக்கும் முன்பே அந்தக் கழுத்து தானாகக் குனிந்துவிட்டது. நிஷா போர்த்தினாள். போட்டோக்காரரும் பழக்க தோஷத்தில் படம் பிடித்துவிட்டார். கூட்டமும் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டது.

நிஷா மைக்கை எடுத்தாள்.

"அண்ணா, நம்ம வார்டு வழக்கம் உங்களுக்கே தெரியும். சால்வை வாங்கினவங்க அதுக்கப்புறம் பேசக் கூடாது. நீங்க வாங்கிட்டீங்க. இப்ப நான் பேசுறேன்."

முதலில் வெடித்துச் சிரித்தவள் தனம். பிறகு ஆட்டோக்காரர், பிறகு கூடமே சிரித்தது. கழற்றிப் போடலாம் என்று குமரவேலின் கை தோளுக்குப் போனது, பாதியில் நின்றுவிட்டது. போட்ட சால்வையைக் கழற்றி எறிந்தால் அவமரியாதை என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அந்தப் புழுக்கத்தில் வியர்த்து வழிய அதைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்தார்.

"அந்த பேனர்ல இருக்கிற மூஞ்சி என்னோடது. அதுக்குக் கீழ இருக்கிற பேச்சு என்னோடது இல்ல." நிஷா குமரவேல் பக்கம் திரும்பினாள். "நான் வாடைய எடுக்கச் சொன்னேன். எங்கம்மாவ எடுக்கச் சொல்லல. தண்ணி குடுத்தா வாடை போயிடும். அதக் குடுக்காம, நாறுது நாறுதுன்னா எப்படி? இளையோர் மன்றம் கேட்டுதுன்னு போட்டிருக்கீங்க. எந்த இளையோர கேட்டீங்க? எங்கள நாக்காலி போடத்தானே கூப்பிட்டீங்க? எங்க மூஞ்சிய எடுத்து எங்க வூட்டையே அடிப்பீங்களா? நான் செயலாளரா இருக்கிற வரைக்கும் அது நடக்காது. இல்லாட்டியும் நடக்காது."

ஈவ்லின் எழுந்து நின்றாள். "மன்றத்துல நாங்க யாரும் பூங்கா கேக்கல. நான் மெம்பர், நான் சொல்றேன்." பின்வரிசையில் ஒரு காட்டாங்குளத்தூர்ப் பையன் எழுந்தான். இன்னும் சிலர் எழுந்தார்கள். சிலர் எழவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் வீரராகிவிட்டால் உலகம் தாங்காது.

கூட்டத்துக்கு வந்திருந்த மாநகராட்சி அலுவலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மீன் கடைகளை அகற்றும் தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார். அங்கங்கே சில கைகள் எழுந்தன. ஷ்யாம்சுந்தரின் கையும் எழுந்தது. பக்கத்தில் சந்திரிகா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கை தலையைச் சொறிந்துகொண்டு கீழே வந்தது.

குழாயும் வடிகாலும் வேண்டும் என்று நிஷா கொண்டுவந்த தீர்மானத்துக்குக் கூடம் முழுக்கக் கை தூக்கியது. சிலர் மீன் பையோடு தூக்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் நிஷா நேரே மூலைக்குப் போனாள். ஏணியெல்லாம் தேடவில்லை. தனம் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி மேல் ஏறி, எட்டி, பேனரின் கயிற்றை அவிழ்த்தாள். அந்த உயரத்துக்கு அன்று இரண்டாவது வேலை. கீழே விழுந்த பேனரை முத்தாலம்மாள் வீணாக்கவில்லை. எழுத்து மேலே, படம் கீழே என்று பாராமல், இரண்டு கொம்பு நட்டுத் தன் பலகைக்கு நிழலாகக் கட்டிக்கொண்டாள். வெயில் தாழும் நேரத்தில் அண்ணாந்து பார்த்தால், கைகூப்பிச் சிரிக்கும் குமரவேல் மீன்களுக்கு நன்றி சொல்வது தெரியும்.

சாயங்காலத்துக்குள் நிஷாவை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். செயலாளர் பதவியும் போயிற்று. அடுத்த தேர்தலில் நிறுத்துவதாகச் சொன்ன பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. இனிமேல் மன்றத்துக்குப் பொண்ணு பார்க்கும்போது உயரத்தையும் பார்க்கணும் என்று குமரவேல் யாரிடமோ சொன்னாராம். அவள் வருத்தப்படவில்லை என்றால் பொய். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு மத்தியானம் பலகைகளைக் கழுவி முடித்ததும், தூங்குமூஞ்சி மரத்தடியில் ஈவ்லினும் இன்னும் சில பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அதுதான் இளையோர் மன்றம். நாற்காலி கிடையாது, மேடை கிடையாது. தெருவிளக்கிலிருந்து தொடங்கினார்கள். ஆட்டோக்காரரும் தன் சால்வையை எடுத்துக்கொண்டு வந்து, எப்போது திருப்பிப் போடலாம் என்று கேட்டார்.

ஊரப்பாக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் ஒருநாள் ரயிலேறி வந்தார்கள். தங்கள் ஊரிலும் இப்படி ஒரு மன்றம் தொடங்கியிருக்கிறார்களாம், நாற்காலிதான் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். நிஷா சொன்னாள், "முதல்ல கழுத்த நிமித்திப் பழகுங்க. மத்தது தானா வரும்."

தீர்மானம் தீர்மானம்தான். நச்சரித்து நச்சரித்து, மழைக்கு முன்னால் வடிகால் வந்தது, பிறகு குழாயும் வந்தது. திறந்துவைக்க வந்தவர் வேறு யார், குமரவேல்தான். ரிப்பன் வெட்டினார், குழாயைத் திருகினார், தண்ணீர் கொட்டியது. நான் செய்தேன் என்றார். நிஷா ஓரமாக நின்று சிரித்துக்கொண்டாள், தண்ணீர் வந்தால் சரி.

சிட்டிபாபுவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளிச் சரிகை போட்ட ஒரு சால்வையை உதறிக்கொண்டு முத்தாலம்மாளின் பலகை முன்னால் வந்து நின்றார்.

"மூத்த வியாபாரிக்கு அண்ணனோட மரியாதை. கொஞ்சம் குனிம்மா."

முத்தாலம்மாள் அப்போது குனிந்து ஒரு வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தாள். முழுக்க நிமிர்ந்து நின்றபோதுதான், நிஷாவின் உயரம் எங்கிருந்து வந்தது என்று அந்த மூலைக்கே தெரிந்தது.

"என் பொண்ணே குனியல. அவள பெத்தவ நான், குனிவனா?"

சிட்டிபாபு சால்வையை மடித்தார். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பிறகு திரும்பி வந்து, அரைக் கிலோ சங்கரா கேட்டார்.